கடைசிக் கொக்கி

அவருக்கு ஊசிக்கண்ணு என்று பட்டப்பெயர் வைத்த மகராசன் யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். கொடிய வைரஸ்களை ஆராயும் அந்தக் கூடத்தில், உள்ளறைக்குப் போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போகும் காற்றடைத்த சூட்டுகளைக் காலைதோறும் சோதித்துக் கொடுப்பது அவர் வேலை. சூட்டுக்குள் காற்றை நிரப்பி, மேலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். குமிழி கிளம்பினால் அங்கே ஓட்டை. அதைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம் போட்டு, பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்க்க வேண்டும். மற்றவர்கள் குமிழியைத் தேடித் தேடிக் கண் பூத்துப் போவார்கள். இவர் குமிழி கிளம்புவதற்கு முன்பே அந்த இடத்தில் விரலை வைத்திருப்பார். பத்தொன்பது வருஷத்தில் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு ஓட்டை சூட் உள்ளே போனதில்லை.

சூட்டைக் கொடுப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. கொக்கியில் மாட்டிவிட்டு 'எடுத்துக்கோ' என்று போய்விடக் கூடாது. கையோடு கையாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும். கையில் காயம் இருக்கா? காய்ச்சல் இருக்கா? பயம் இருக்கா? மூன்றுக்கும் வாயைத் திறந்து 'இல்லை' என்று சொன்னால்தான் சூட் கை மாறும். தலையாட்டல் செல்லாது. மூன்றாவது கேள்விக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். "உங்கள பாத்தாதான் பயமா இருக்கு" என்று ஒரு டாக்டர் ஒருமுறை கிண்டலடித்தார். அன்று முழுக்க அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார் ஊசிக்கண்ணு. பயந்தவனுக்குக் கை நடுங்கும், நடுங்குகிற கையில் ஊசி இருக்கும். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி.

உள்ளே இருந்த வைரஸுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஊழியர்கள் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. 'விருந்தாளி' என்பார்கள். விருந்தாளி ஒட்டிக்கொண்டால் மருந்து கிடையாது. இருபத்தோரு நாள் கண்ணாடி அறையில் வைத்துப் பார்ப்பார்கள். பத்துப் பேருக்குப் பிடித்தால் மூன்று பேர் எழுந்து நடப்பார்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

இப்பேர்ப்பட்ட கண்ணுக்குத் தப்பியது ஒன்றே ஒன்றுதான். அது அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

மனைவி போன பிறகு வீட்டில் அவரும் மகளும் மட்டும். ஒருநாள் அவர் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். மகள் அதை எடுத்துக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தாள். காவலர் உள்ளே விட மறுத்தார். அந்தச் சமயம் பார்த்து வெளியே வந்த சின்ன டாக்டர், அதாவது உள்ளறையில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் ஒல்லியான பையன், அதை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த டிபன் பாக்ஸ் வாரத்துக்கு இரண்டு தடவை மறந்துபோக ஆரம்பித்தது. அதை மகள்தான் எடுத்து ஒளித்து வைக்கிறாள் என்பது ஒன்றரை வருஷம் அவருக்கு உறைக்கவில்லை. தனக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று பயந்துபோய் டாக்டரிடம் காட்டிக்கொண்டார் மனுஷன். கூடத்தில் மற்ற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, வாசல் காவலர் உட்பட.

தெரிந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பையனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் வேலைதான் குறை.

"உள்ள போறவன் எவனுக்கும் நான் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்றார் மகளிடம். "தினமும் அவனுக்கு சூட் குடுக்கறவன் நான். எத்தன ஓட்டை பாக்கறேன்னு எனக்குத்தான் தெரியும். நீ முப்பது வயசுல தனி மரமா நிக்கறத நான் பாக்கணுமா?"

"ஓட்டைய பாக்கறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களேப்பா" என்றாள் மகள்.

பதில் வராத கோபம் இன்னும் மோசமானது. அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்ட அன்று அவர் வழக்கம்போல வேலைக்கு வந்து எட்டு சூட்டைச் சோதித்தார். அன்றிலிருந்து மகளிடமும் பேச்சில்லை, மருமகனிடமும் பேச்சில்லை.

மகளோடு பேசாமல் இருப்பது சுலபம், அவள் வேறு வீட்டில் இருந்தாள். மருமகன் வாரத்தில் ஐந்து நாள் அவர் முன்னால் வந்து நிற்கிறானே! அதற்கும் ஊசிக்கண்ணு ஒரு வழி கண்டுபிடித்தார். சூட் அறையில் சுவரோடு வரிசையாகக் கொக்கிகள் இருந்தன. சோதித்த சூட்டைக் காயப்போட மட்டும்தான் அவை. கதவுக்குப் பக்கத்தில், பின்னறை வாசலை ஒட்டி இருந்தது கடைசிக் கொக்கி. மருமகனுக்கான பதினொன்றாம் நம்பர் சூட்டைச் சோதித்து, துடைத்து, அந்தக் கடைசிக் கொக்கியில் மாட்டிவிட்டு, அவன் வரும் நேரத்துக்குப் பின்னறைக்குள் போய்விடுவார். அவன் வருவான், எடுப்பான், பதிவேட்டில் மூன்று கேள்விக்கும் எதிரே தானே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. கூடத்தின் தலைவியான பெரிய டாக்டரம்மாவுக்கும் தெரியும். மாமனார் மாப்பிள்ளை சண்டைக்கு நடுவில் தலையைக் கொடுப்பானேன் என்று அவரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். பதினொன்றாம் நம்பர் சூட்டை மட்டும் அவர் இரண்டு முறை சோதிப்பார். கோபம் கோபம்தான், அது வேறு கணக்கு.

அன்று காலை ஒன்பது மணி. பதினொன்றின் இடது கையுறையில், ஆள்காட்டி விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம் ஒரு குமிழி வந்தது. கடுகில் பாதி இருக்கும். முதல் சோதனையில் வரவில்லை, இரண்டாவதில்தான் வந்தது. "வா ராசா வா" என்று சொல்லிக்கொண்டே நீல மையில் வட்டம் போட்டார். கையுறையையே மாற்ற வேண்டும். சூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னறைப் பக்கம் நடந்தார்.

அப்போது பின்னறையில் தொலைபேசி அடித்தது.

ஈரச் சூட்டைத் தரையில் போடக் கூடாது. தரையைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். தோளில் போட்டுக்கொண்டு தொலைபேசியை எடுக்கவும் முடியாது. கைக்கு எட்டியது கடைசிக் கொக்கி. ஒரு நிமிஷந்தானே என்று அதில் மாட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

"அப்பா."

இரண்டு வருஷம் கழித்துக் கேட்கும் குரல். அப்படியே கையுறைப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, வச்சிடாதீங்க. நான்தான்."

"வைக்கலம்மா" என்றார்.

"எட்டு மாசம் ஆயிடுச்சுப்பா. உங்க காதுக்கு வந்திருக்கும்."

வந்திருந்தது. வாசல் காவலர் சொல்லியிருந்தார். அவளுக்கு வாந்தி நின்றதா, தூக்கம் வருகிறதா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூன்று மாதமாக அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். அத்தனையையும் இப்போது ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டார். அவள் அழுதாள். "அழாதம்மா, இந்த நேரத்துல அழக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அவர் அழுதார். குழந்தைக்குக் கட்டில் வாங்கியிருக்கிறார்களாம். பலகை பலகையாக வந்ததை மருமகன் உட்கார்ந்து மாட்டினானாம். அது ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கிறதாம்.

"பெரிய படிப்பு படிச்சு என்ன பிரயோஜனம், ஒரு திருகாணி திருகத் தெரியல" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "விடு. ஞாயித்துக்கிழமை நான் வந்து சரி பண்றேன்."

"நெஜமா வருவீங்களா?"

"வரேம்மா."

தொலைபேசியை வைத்தபோது கடிகாரத்தில் ஒன்பது இருபத்தைந்து. முகத்தைக் கழுவினார். பையன் வந்தால் இன்றைக்குக் கொக்கி கிக்கியெல்லாம் கிடையாது, கையிலேயே கொடுத்துவிடுவது, மூன்று கேள்வியும் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். முதல் கேள்வியை எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்தார். கல்யாணத்தன்றே வந்திருக்க வேண்டிய வெட்கம் அவருக்கு இப்போது வந்தது. புதுக் கையுறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கடைசிக் கொக்கி காலியாக இருந்தது.

பதிவேட்டில் மூன்று 'இல்லை'. கீழே கையெழுத்து. நேரம் ஒன்பது பத்து.

உள்ளறைக்குப் போகும் நடையில் ஓடக் கூடாது என்று சுவருக்குச் சுவர் எழுதிப் போட்டிருக்கிறது. ஐம்பத்தேழு வயதில் அந்த நடையில் அவர் ஓடினார். உள்ளறையைப் பார்க்கும் கனத்த கண்ணாடியில் முகத்தை அப்பிக்கொண்டு நின்றார். உள்ளே சின்ன டாக்டர் காற்றுக்குழாய் மாட்டிய சூட்டோடு மேஜை முன்னால் இருந்தான். எலியை அறுத்துக்கொண்டிருந்தான். இடது கையுறை நனைந்து சிவப்பாக இருந்தது. எலியை நகர்த்துவதற்காக அவன் கையைத் திருப்பியபோது உள்ளங்கைப் பக்கம் தெரிந்தது. சிவப்புக்கு நடுவில் நீல வட்டம்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? டாக்டர் என்றா? தம்பி என்றா? இரண்டு வருஷமாக அவனை அவர் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"மாப்பிள்ளை" என்றார். "மாப்பிள்ளை, கத்திய கீழ வைங்க. இடது கைய தூக்குங்க. எதையும் தொடாம வெளிய வாங்க. ஓட்டை இருக்கு."

உள்ளே இருந்த உருவம் அசையாமல் நின்றது. கையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, முகமூடிக்குள்ளிருந்து அவரை ஒரு நொடி பார்த்தது. கத்தியை மெதுவாக வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

உள்ளறையிலிருந்து வெளியே வர, சூட்டோடு ஏழு நிமிஷம் மருந்துக் குளியல் போட வேண்டும். நாலு பக்கமிருந்தும் மருந்து அடிக்கும். அந்தக் குளியலறைக்கும் ஒரு சிறிய கண்ணாடி உண்டு. அதன் வழியே பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்பு போனது. கூடவே நீல மையும் கரைந்து விரல் நுனியில் சொட்டிச் சாக்கடையில் போனது. ஏழு நிமிஷம் முடிந்தபோது கையுறையில் ஓட்டை மட்டும் இருந்தது. அதைச் சுற்றி வட்டம் இல்லை.

சூட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே போட்டிருந்த மெல்லிய கையுறையும் நனைந்திருந்தது. ஆள்காட்டி விரலில் அவன் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் தடிமனுக்கு அது கிழிந்து போயிருந்தது. பிளாஸ்திரிக்கு அடியில் திருகாணி கிழித்த காயம். கட்டில் மாட்டும்போது பட்டதாம். அரை அங்குல நீளம் இருக்கும்.

அவனைக் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் பெரிய டாக்டரம்மா ஊசிக்கண்ணை அழைத்தார். மேஜையில் ஒரு தாள் இருந்தது.

"உங்க மாப்பிள்ள வாக்குமூலம் குடுத்திருக்காரு. படிக்கறேன், சரியான்னு பாத்துட்டு நீங்களும் கையெழுத்து போடுங்க" என்று படித்தார்.

சூட்டை மாமா அன்று கையிலேயே கொடுத்தார். மூன்று கேள்விகளும் கேட்டார். காயம் இருக்கிறதா என்றதற்கு நான் இல்லை என்று பொய் சொன்னேன். பிளாஸ்திரியைப் பார்க்காதபடி கையை மறைத்துக்கொண்டேன். உள்ளே கூண்டின் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, அதில் பட்டுக் கையுறை கிழிந்தது. நான் கவனிக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு மாமாதான் எச்சரித்தார்.

நடக்காத ஒரு பேச்சை, கேட்காத மூன்று கேள்வியை, அந்தப் பையன் உட்கார்ந்து வரிவரியாகக் கட்டியிருந்தான்.

"அந்தத் தூரத்துலேர்ந்து ஒரு கிழிசல் தெரிஞ்சதுன்னு வேற யாராவது சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "உங்க கண்ணுக்குத் தப்புமா?"

"அம்மா, கொஞ்சம் இருங்க. நான் வந்து போடறேன்" என்று எழுந்தார்.

கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு நாற்காலியும், பேசுவதற்கு ஒரு ஒலிவாங்கியும் இருந்தன. உள்ளே மருமகன் கட்டிலில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"என்ன எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்றார். "கம்பியா? எந்தக் கம்பி? வட்டம் போட்டது நான். கொக்கியில மாட்டினது நான். நான் போய் உள்ளத சொல்லப் போறேன்."

"வட்டத்த நானும் பாத்தேன் மாமா. நீங்க மைக்குல கூப்பிட்டப்பதான் கண்ணுல பட்டுச்சு" என்றான். "நீங்க உள்ளத சொன்னா, ஏன் மாட்டுனீங்கன்னு கேப்பாங்க."

"போன் வந்துச்சுன்னு சொல்வேன்."

"யாரு போன்?"

ஊசிக்கண்ணு பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

"அந்த அறிக்கையோட ஒரு நகல் அவளுக்குப் போகும்" என்றான் மருமகன். "ஒருவேள எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவ அதப் படிப்பா. தான் போன் பண்ண நேரத்துலதான் இது நடந்துச்சுன்னு படிப்பா. அப்புறம் அவ எப்படி மாமா இருப்பா? கையில குழந்தைய வச்சுக்கிட்டு?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவள போன் பண்ணச் சொன்னதே நான்தான். காலையில சண்ட போட்டு பண்ண வச்சேன். நான் வந்தப்ப நீங்க முதுகக் காட்டிட்டு அழுதுட்டு இருந்தீங்க. 'அழாதம்மா'ன்னு சொன்னது கேட்டுச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சத்தம் கேட்டா போன வச்சிடுவீங்களோன்னு, சூட்ட எடுத்துக்கிட்டு பூனை மாதிரி நடந்து போயிட்டேன். ஈரமா இருக்கேன்னு கூட யோசிக்கல." அவன் சிரித்தான். "என் தப்பும் இருக்கு மாமா. காயத்தோட உள்ள வந்தது நான்தானே. இருபத்தோரு நாள் ஓடிப் போயிடும். வெளிய வந்ததும் ரெண்டு பேருமா சேந்து சொல்லிடலாம். இப்ப போய்க் கையெழுத்து போடுங்க."

போட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது. பேனா நீல மைதான்.

அன்று மாலை மகள் பெட்டியோடு அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். கூடம் அங்கிருந்து நடக்கிற தூரம். பழைய அறையில் பழைய கட்டிலில் படுத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக அவர் எதை நினைத்து ஏங்கினாரோ அது கதவைத் தட்டிக்கொண்டு வந்திருந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்க மட்டும் அன்னிக்குப் பாக்கலன்னா அவரு நாள் முழுக்க அதே கையோட உள்ள இருந்திருப்பாரு" என்பாள் சாப்பாட்டு மேஜையில். "சாமி மாதிரி பாத்தீங்கப்பா."

"சாப்பிடும்மா" என்பார்.

சட்னி வேண்டுமா, மோர் வேண்டுமா என்று அவள் ஓடி ஓடிக் கவனித்தாள். அது அவரை அறைவதைவிட மோசமாக இருந்தது. தினமும் காலையில் இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் போய் உட்கார்வார்கள். அவள் வயிற்றைக் கண்ணாடியோடு ஒட்டி நிற்பாள், அவன் உள்ளேயிருந்து கையை அதே இடத்தில் வைப்பான். கட்டில் கோணலைப் பற்றி மூன்று பேரும் பேசிச் சிரிப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சந்தோஷமான குடும்பமாகத்தான் தெரிந்திருக்கும்.

எட்டாம் நாள் மதியம் அவனுக்கு ஜுரம் கண்டது. பத்தாம் நாள் கண் சிவந்தது. அதற்கு மேல் மகளை அங்கே விடவில்லை. மயங்கி விழுந்தால் இரண்டு உயிர் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊசிக்கண்ணு மட்டும் போனார். கண்ணாடி அறைக்குள் போகும் நர்ஸுகளுக்கான சூட்டுகளையும் அவர்தான் சோதித்தார். மூன்று முறை சோதித்தார். கையோடு கையாகக் கொடுத்தார். கேள்விகளை உரக்கக் கேட்டார். நர்ஸுகளும் சிரிக்காமல் பதில் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது மருமகன் கண்ணை மூடியிருந்தான். உதடு வெடித்திருந்தது. மூக்கோரம் ரத்தம் காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"மாப்பிள்ளை."

கண் திறந்தது.

"நான் ஒங்ககிட்ட கேக்க வேண்டியது பாக்கி இருக்கு. ரெண்டு வருஷமா கேக்காம விட்டுட்டேன்."

அவன் புரிந்துகொண்டான். தலையை லேசாக அவர் பக்கம் திருப்பினான்.

"கையில காயம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"காய்ச்சல் இருக்கா?"

"இருக்கு மாமா."

மூன்றாவது, பத்தொன்பது வருஷமாக எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. ஒருத்தர்கூட அதற்கு உண்மையைச் சொன்னதில்லை. "பயம் இருக்கா?" என்றார்.

அவன் கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"இருக்கு" என்றான். "ரொம்ப இருக்கு மாமா. போகாதீங்க."

"போகலப்பா. எங்கயும் போகல" என்றார். கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். இருட்டுகிறவரை யாரும் அவரை எழுப்பவில்லை.

பதினைந்தாம் நாள் அவன் போய்விட்டான். உடம்பைக் கொடுக்கமாட்டார்கள், அது விதி. கூடத்துக்குள்ளேயே எரித்துவிட்டார்கள். அங்கே போட்டிருந்த சட்டை, படித்துக்கொண்டிருந்த புத்தகம், எல்லாமே அவனோடு போயின. மகளுக்கு என்று வந்தது அறிக்கையின் நகல் மட்டும்தான்.

கூண்டுகளையெல்லாம் மாற்றினார்கள். கம்பி நீட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்ன கூண்டைப் பத்து பேர் தடவித் தடவிப் பார்த்தார்கள், நீட்டல் எதுவும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாவிட்டாலும் மாற்றினார்கள். ஊசிக்கண்ணு யாரையும் கேட்காமல் திருப்புளியை எடுத்துக் கடைசிக் கொக்கியைக் கழற்றினார். சுவரில் இரண்டு துளை நின்றது. அதை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தார். ஏன் கழற்றினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "அது தேவயில்லம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மேலே கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அப்பனைப் போலவே ஒல்லி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, மகளின் வீட்டிலிருந்து அந்தக் கட்டிலைத் தூக்கிவந்து தன் வீட்டு முன்னறையில் போட்டிருந்தார் ஊசிக்கண்ணு. உண்மையிலேயே ஒரு பக்கம் கோணல்தான். அடியில் படுத்துப் பார்த்தார். இடது காலில் ஒரு திருகாணி பாதிதான் ஏறியிருந்தது. அதன் தலை பிசிறடித்து, பிளேடாகக் கூர்ந்து நின்றது. அதன் மேல் ஒரு துளி கறுப்பாகக் காய்ந்திருந்தது.

அவர் அதைத் துடைக்கவில்லை. துடைக்க மனசு வரவில்லை. திருப்புளியை வைத்துத் திருகத் தொடங்கினார்.

மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் அறிக்கையின் நகல். மடித்து மடித்து அது துணி மாதிரி ஆகிவிட்டிருந்தது. தினமும் ஒரு தடவையாவது பிரித்துப் படிப்பாள்.

"'மூன்று கேள்விகளும் கேட்டார்'னு எழுதியிருக்காருப்பா" என்றாள். "அன்னிக்குக் காலையில ரெண்டு பேரும் பேசியிருக்கீங்க. என்கிட்ட யாருமே சொல்லல."

கட்டிலுக்கு அடியில் திருகாணி கிறீச்சிட்டது.

"நான் போன் பண்ணதும்தானே உங்க கோவம் போச்சு? அதுக்கப்புறம்தானே அவர்கிட்ட பேசினீங்க?" அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "ரெண்டு வருஷம் நீங்க பேசலன்னு அவருக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு வருத்தம் தெரியுமா? போறதுக்கு முன்னாடி அது தீந்துச்சே. நான் அன்னிக்கு அந்த நேரத்துக்குப் போன் பண்ணேன் பாருங்க, அது ஒண்ணு நெனச்சாதான்ப்பா எனக்கு ராத்திரி தூக்கம் வருது."

ஊசிக்கண்ணு திருப்புளியைத் திருகுவதை நிறுத்தினார். கட்டில் பலகைக்கு அடியில், அவள் முகம் தெரியாத இடத்தில், மல்லாந்து கிடந்தார்.

"ஆமாம்மா" என்றார். "நீ போன் பண்ணது நல்லதாப் போச்சு."

அப்புறம் திருகாணியில் மிச்சம் இருந்த நாலு சுற்றையும் ஏற்றி, கட்டிலை நேராக நிறுத்தினார்.